வெளியே போகும் மின்னஞ்சலின் வழியை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்வு நுழைவுச்சீட்டு, பரிசோதனை முடிவு, நேர்காணல் அழைப்பு, ஒப்பந்தப்புள்ளிக்கான பதில் என்று காலக்கெடு உள்ள எத்தனையோ விஷயங்கள் இன்று மின்னஞ்சலில்தான் போகின்றன. வரவில்லையே என்று யாராவது கேட்டால், அனுப்பிய அலுவலகத்தின் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “எங்கள் பக்கம் அனுப்பியாகிவிட்டது. உங்கள் ஸ்பேம் பெட்டியில் பாருங்கள்.” கேட்டவரும் தேடிப் பார்த்துவிட்டு, தன்மேல்தான் தவறு போலிருக்கிறது என்று விட்டுவிடுவார். பல நேரங்களில் அந்தக் கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் மெயில் கேட்வேயிலேயே (மின்னஞ்சல் வெளியே போகும், உள்ளே வரும் வாசல் சர்வர்) க்யூவில், அதாவது காத்திருக்கும் வரிசையில், கிடக்கும். அல்லது போகக்கூடாத வழியில் போய்த் திருப்பியடிக்கப்பட்டிருக்கும். அந்த அறிவிப்பைப் படிக்க ஆள் இருந்திருக்காது. இந்தப் பணியில் இருப்பவர்கள் என்ற முறையில், வெளிச்செல்லும் ரூட்டிங்கை (கடிதம் போகும் வழியை) ஒழுங்காக அமைப்பதைப் பற்றித் தங்கள் வாசகர்களில் உள்ள சர்வர் நிர்வாகிகளுக்கும், அவர்களுக்கு வேலை சொல்லும் மேலாளர்களுக்கும் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

கேட்வே வாங்குவது உள்ளே வரும் குப்பையை வடிகட்ட. அதனால் உள்வரும் பக்கத்துக்கு நாள்கணக்கில் உட்கார்ந்து விதிகள் எழுதுவார்கள். வெளிச்செல்லும் பக்கத்தில் ‘எல்லாவற்றையும் இங்கே தள்ளிவிடு’ என்று ஒரே வரி இருக்கும். அது நிறுவிய நாளில் எழுதியதாகவும் இருக்கும். பிறகு ஒரு கிளை சேரும், ஒரு டொமைன் கூடும், பாதிப் பெட்டிகள் கிளவுடுக்குப் போகும், சம்பளப் பட்டியல் அனுப்பும் மென்பொருள் மாறும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விதி ஒட்டப்படும். எந்த விதி எதை மிஞ்சும் என்று எழுதிவைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

முதலில் ‘அனுப்பியாகிவிட்டது’ என்பதன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கேட்வேயின் லாகில் (நடந்ததைப் பதியும் குறிப்பேட்டில்) 250 என்ற எண்ணோடு ‘சென்ட்’ என்று ஒரு வரி இருந்தால், அடுத்த சர்வர் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். அந்த அடுத்த சர்வர் யார் என்பதையும் அதே வரி சொல்லும். அது பெறுநரின் சர்வராக இருந்தால் அனுப்பியவரின் பொறுப்பு ஏறக்குறைய முடிந்தது. கடிதத்தை வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்தும் உங்களுடைய இன்னொரு ரிலே சர்வராகவோ, காசு கொடுத்து வாங்கிய அனுப்பும் சேவையாகவோ இருந்தால் பொறுப்பு முடியவில்லை; அங்கேயும் ஒரு லாக் இருக்கிறது, அதையும் பார்த்தாக வேண்டும். 4 என்று தொடங்கும் எண் ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்பது. கடிதம் க்யூவில் இருக்கும். 5 என்று தொடங்கினால் கதவு சாத்தியாகிவிட்டது. திரும்ப முயலாமல் பவுன்ஸ் (போய்ச் சேரவில்லை என்ற அறிவிப்பு) அனுப்பப்படும். இந்த மூன்றையும் பிரித்துப் படிக்கத் தெரியாதவர் ‘அனுப்பியாகிவிட்டது’ என்று சொல்லும் தகுதியைப் பெறவில்லை என்றே நாங்கள் கருதுகிறோம்.

ரூட்டிங் விதிகளைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கட்டடத்தில் எதெல்லாம் மின்னஞ்சல் அனுப்புகிறது என்று பட்டியல் எடுங்கள். மெயில் சர்வர் தவிர, ஸ்கேன் செய்து அனுப்பும் நகல் இயந்திரம், கணக்கு மென்பொருள், இணையதளத்தின் தொடர்புப் படிவம், பேக்கப் முடிந்ததும் செய்தி தரும் ஸ்டோரேஜ் பெட்டி என்று பத்துப் பதினைந்தாவது தேறும். எல்லாவற்றையும் கேட்வே வழியாகத் திருப்பிய பிறகு, கேட்வே தவிர வேறு எந்த ஐ.பி.யும், மெயில் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25-ஆம் போர்ட்டுக்கு வெளியே போகாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். இதைச் செய்யாத இடத்தில், வைரஸ் பிடித்த ஒரே ஒரு கணினி நேரடியாக வெளியே குப்பையைக் கொட்டி, பொது ஐ.பி.யைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிடும். அன்று கேட்வேயில் எந்தத் தவறும் இருக்காது. ஆனாலும் கடிதங்கள் போகாது.

இதே இடத்தில் இன்னொரு பொறி. கேட்வே யாரிடமிருந்து ரிலேவுக்கு வாங்கும் என்ற பட்டியலில், சோம்பலால் 10.0.0.0/8 என்று முழு வலையையும் எழுதிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் சர்வர்களின் ஐ.பி.களை ஒவ்வொன்றாக எழுதுவதே முறை. மற்றவர்கள் 587-ஆம் போர்ட்டில் பயனர்பெயர், கடவுச்சொல்லோடு வரட்டும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கிளையன்ட் இத்தனை நேரத்தில் இத்தனை கடிதம்தான் அனுப்பலாம் என்று வரம்பு போட்டாலும், ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற அந்த ரிலே பட்டியலில் உள்ளவர்களுக்கு அந்த வரம்பு இயல்பாகப் பொருந்தாது. விலக்குப் பட்டியலைத் தனியாக மாற்றினால்தான் பொருந்தும். வரம்பு போட்டிருக்கிறோம் என்ற நிம்மதியோடு இருப்பவர்கள் இதை உடனே சரிபார்க்கட்டும்.

இனி வழி தேர்வாகும் முறை. எந்த விதியும் இல்லாவிட்டால், கேட்வே பெறுநரின் டொமைனுக்கு எம்.எக்ஸ். ரெக்கார்டை (அந்த டொமைனின் கடிதங்களை வாங்கும் சர்வர் எது என்ற பதிவை) கேட்கும். எண் குறைவான ரெக்கார்டுக்கு முதல் முயற்சி, அது கிடைக்காவிட்டால் அடுத்தது. எம்.எக்ஸ். ரெக்கார்டே இல்லையென்றால் அந்தப் பெயரின் ஐ.பி. முகவரிக்கே நேரடியாகப் போய்ப் பார்க்கும். இதற்கு மேலே நாம் எழுதும் விதிகள் ஏறி உட்காருகின்றன. போஸ்ட்ஃபிக்ஸில் மேலிருந்து கீழே பார்த்தால், பெறுநரை வைத்து முடிவெடுக்கும் ‘டிரான்ஸ்போர்ட்’ பட்டியலுக்குத்தான் முதல் மரியாதை. அதில் அகப்படாத கடிதங்களுக்கு மட்டுமே, அனுப்புநரை வைத்து முடிவெடுக்கும் ‘சென்டர் டிபெண்டன்ட் ரிலேஹோஸ்ட்’ பட்டியல் வேலை செய்யும். அதிலும் இல்லையென்றால் பொதுவான ‘ரிலேஹோஸ்ட்’. அதுவும் காலியாக இருந்தால்தான் எம்.எக்ஸ். ஒரு பிரிவின் கடிதங்கள் மட்டும் தனி ரிலே வழியாகப் போக வேண்டும் என்று அனுப்புநர் விதி எழுதிவிட்டு, குறிப்பிட்ட சில பெறுநர்களுக்கு மட்டும் அது வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், டிரான்ஸ்போர்ட் பட்டியலில் அந்தப் பெறுநரின் டொமைன் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் ஒழுங்கு வேறு மாதிரி: பெறுநரின் டொமைனுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் சென்ட் கனெக்டர் (வெளியே அனுப்பும் வழி) வெல்லும், பொருத்தம் சமமானால்தான் காஸ்ட் எண் பார்க்கப்படும். காஸ்ட் 1 என்று போட்டும் கனெக்டர் எடுபடவில்லை என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்தப் பட்டியல்களில் எழுத்துப்பிழை அளவுக்குச் சிறியவை பெரிய சேதம் செய்யும். ரிலேவின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயரின் முகவரிக்கு நேரே போகும். அடைப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயருக்கு எம்.எக்ஸ். தேடும். அடைப்பை மறந்து டொமைனின் பெயரையே எழுதியவர்களின் கடிதங்கள், அதே டொமைனின் உள்வரும் சர்வரில் போய் நின்று ‘ரிலே மறுக்கப்பட்டது’ என்று திரும்பும். ரிலேவுக்கு உரிய கடவுச்சொல் கோப்பில் எழுதும் பெயர், ரிலேஹோஸ்ட் வரியில் உள்ளதோடு சதுர அடைப்பும் போர்ட் எண்ணும் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் 587 இருந்து மற்றதில் இல்லாவிட்டால் கடவுச்சொல் தேடப்பட்டும் கிடைக்காது. கேட்வே அடையாளம் சொல்லாமலே அனுப்பப் பார்க்கும், ரிலே மறுக்கும். கடவுச்சொல் தவறு என்று நினைத்து அதையே பத்து முறை மாற்றுவார்கள். 465-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தினால் இணைப்பின் தொடக்கத்திலேயே டி.எல்.எஸ். (இணைப்பை மறைகுறியாக்கும் முறை) வேண்டும், அதற்கான ‘ராப்பர்மோட்’ அமைப்பை இயக்காவிட்டால் இரு பக்கமும் பேசாமல் காத்திருந்து டைம்அவுட் ஆகும். டிரான்ஸ்போர்ட் பட்டியலில் ஒரு டொமைனை எழுதினால் அதன் துணை டொமைன்கள் தாமாக அதில் சேராது. முன்னால் புள்ளி வைத்து இன்னொரு வரி வேண்டும். கோப்பைத் திருத்திய பிறகு, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையைக் கொடுக்க மறப்பது எல்லாவற்றிலும் சாதாரணமானது.

விதிகள் எல்லாம் சரியாக இருந்தும் வழி தவறும் இடம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு டொமைனைத் தன்னுடையது என்று சர்வர் நினைத்துக்கொண்டிருப்பதுதான் அது. ஒரு வாடிக்கையாளரின் டொமைன் முன்பு உங்கள் சர்வரில் இருந்தது. இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. உள்ளூர் டொமைன் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவில்லை. உலகம் முழுவதும் அவர்களுக்குக் கடிதம் ஒழுங்காகப் போகும். உங்களிடமிருந்து போவது மட்டும் உங்கள் சர்வரிலேயே உள்ள பழைய பெட்டியில் விழும். லாகில் ‘சென்ட்’ என்றே இருக்கும், பவுன்ஸ் வராது, யாருக்கும் சந்தேகமும் வராது. பெட்டி அழிக்கப்பட்டிருந்தாலாவது 5.1.1 என்று ‘பயனர் இல்லை’ பவுன்ஸ் வந்து கண்ணைத் திறக்கும். டொமைனை வெளியே மாற்றிக் கொடுக்கும் நாளில் செய்ய வேண்டிய வேலைகளில் இந்த நீக்கத்தை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பாதிப் பெட்டிகள் இங்கே, பாதி கிளவுடில் என்று ஒரே டொமைனைப் பிரித்து வைத்திருக்கும் அலுவலகங்களில் இதன் மறுபக்கம் நடக்கும். அந்த ஆள் கிளவுடில் இருக்கிறார் என்று இந்த சர்வர் அங்கே தள்ளும். எங்களிடம் இல்லை என்று கிளவுட் இங்கே திருப்பும். கடிதம் இரண்டுக்கும் இடையே பந்தாடப்பட்டு, ஒவ்வொரு கையிலும் கடிதத்தலைப்பில் ஒரு ‘ரிசீவ்ட்’ (பெற்றது) வரி கூடும். போஸ்ட்ஃபிக்ஸ் 50 வரிகள் ஆனதும் நிறுத்திப் பவுன்ஸ் அனுப்பும். அந்த எண்ணை உயர்த்துவது தீர்வாகாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் ‘எனக்குத் தெரியாத பெட்டியை மற்றவரிடம் கொடு’ என்ற விதி இருக்க வேண்டும். மற்றது தெரியாத பெட்டிக்கு 5.1.1 சொல்லி மறுக்க வேண்டும். கேட்வே கேட்கும் டி.என்.எஸ். (டொமைன் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) எது என்பதையும் பாருங்கள். அலுவலகத்தின் உள் டி.என்.எஸ். சில டொமைன்களுக்கு வெளியுலகம் காணும் எம்.எக்ஸ். ரெக்கார்டுக்குப் பதிலாக உள் முகவரியைத் தரும்படி அமைக்கப்பட்டிருக்கலாம். வெளியே போக வேண்டியது உள்ளே சுற்றும். கேட்வே தன்னுடைய தனி ரிசால்வரை (வெளி டி.என்.எஸ்.ஸில் தேடித் தரும் சர்வரை) கேட்பதே நல்லது.

அனுப்புநரை வைத்து வழி பிரிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலுக்கு உறை உண்டு. உறைமேல் எழுதும் அனுப்புநர் முகவரியும், உள்ளே கடிதத்தலைப்பில் வாசகர் காணும் அனுப்புநர் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ரூட்டிங் உறையைத்தான் பார்க்கிறது. பவுன்ஸ் அறிவிப்புகளின் உறையில் அனுப்புநர் இடம் காலியாகவே இருக்கும். பவுன்ஸுக்கே பவுன்ஸ் போய் முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விடுப்பில் இருக்கிறேன் என்ற தானியங்கிப் பதில்களும் பல மென்பொருள்களில் இப்படித்தான் போகின்றன. இந்தக் காலி முகவரி உங்கள் டொமைன் விதி எதிலும் பொருந்தாது. பொது வழியில் போகும். காலி அனுப்புநரை ஏற்காத ஒரு ரிலேவை அங்கே வைத்திருந்தால், பவுன்ஸ்கள் உரியவரைச் சேராது. போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்புநர் பட்டியலில் இடப்பக்கம் கோண அடைப்புக்குறி இரண்டை மட்டும் எழுதி, காலி முகவரிக்கென்று தனி வரி கொடுக்கலாம். கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வாசலின் அடையாளம். கேட்வே எந்தப் பொது ஐ.பி. வழியாக வெளியே போகிறது என்று கேட்டால் பலர் உள்வரும் எம்.எக்ஸ். முகவரியைச் சொல்வார்கள். ஃபயர்வால் வேறொரு முகவரியில் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு இணைய இணைப்புகள் உள்ள இடத்தில் ஒரு கடிதம் ஒரு வழியிலும் அடுத்தது மறுவழியிலும் போகும். வெளியே உள்ள ஒரு பெட்டிக்கு அனுப்பி, அங்கே வந்த கடிதத்தின் ‘ரிசீவ்ட்’ வரிகளைப் படிப்பதே நம்பகமான சோதனை. அங்கே தெரியும் ஐ.பி.க்கு பி.டி.ஆர். ரெக்கார்டு ஒரு பெயரைத் தர வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐ.பி. திரும்ப வர வேண்டும். கேட்வே ஹலோ சொல்லும்போது தரும் பெயரும் அதுவாகவே இருப்பது சிறப்பு. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் சர்வரைப் பலர் வாசலிலேயே நிறுத்துவார்கள். பி.டி.ஆர். ரெக்கார்டு உங்கள் டொமைனின் டி.என்.எஸ். பக்கத்தில் கிடைக்காது; அந்த ஐ.பி.யைக் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஐ.பி.வி.6 என்ற புதுவகை ஐ.பி. முகவரி பற்றி ஒரு வரி: அது சர்வரில் தானாக இயங்கிக்கொண்டிருந்து, அதற்கு பி.டி.ஆர்.ரும், எஸ்.பி.எஃப். ரெக்கார்டில் (டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்ற ஐ.பி.களின் பட்டியலில்) இடமும் இல்லாதிருந்தால், ஜிமெயில் போன்ற இடங்களில் சில கடிதங்கள் மட்டும் மறுக்கப்படும். இரண்டையும் முறையாகக் கொடுங்கள், இல்லையேல் ஐ.பி.வி.4 மட்டும் என்று அமைத்துவிடுங்கள். கிளவுடில் கேட்வே வைக்க நினைப்பவர்களுக்கு: அமேசான், கூகுள், அஸூர் ஆகிய மூன்றுமே பொதுவாக வெளிச்செல்லும் 25-ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. முழுவதும் நிறுவிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் வேலை.

வாசல் மாறினால் அதோடு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். (கடிதத்தில் இடும் மின் கையொப்பம்), டிமார்க் (இவை பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றையும் சரிபார்க்க வேண்டும். ரூட்டிங்கை ஒருவரும் டி.என்.எஸ்.ஸை வேறொருவரும் பார்க்கும் அலுவலகங்களில் இங்கேதான் கை நழுவுகிறது. எஸ்.பி.எஃப். ரெக்கார்டு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவைக்காரர் கொடுத்ததை இரண்டாவதாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. அதைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டாலும் செல்லாது. பிறர் பட்டியலைச் சேர்க்கும் ‘இன்க்ளூட்’ ஒவ்வொன்றும் தனக்குள் இருப்பவற்றோடு சேர்ந்து எண்ணப்படும். நேரடியாக எழுதும் ஐ.பி. முகவரிகள் அந்தக் கணக்கில் வராது. உங்கள் சொந்த கேட்வேயின் முகவரியை ஐ.பி.யாகவே எழுதிவிடுவது இதனால்தான் நல்லது. மேலே சொன்ன காலி உறைக்கு எஸ்.பி.எஃப். எப்படிப் பார்ப்பார்கள்? கேட்வே ஹலோவில் சொல்லும் பெயருக்குத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெயருக்கும் ஓர் எஸ்.பி.எஃப். ரெக்கார்டு போட்டுவைப்பவர்கள் அரிது. போடுவதற்கு இரண்டு நிமிடம்.

டி.கே.ஐ.எம். கையொப்பத்தைக் கடைசி வாசலில்தான் இட வேண்டும். மெயில் சர்வர் கையொப்பமிட்டு, பிறகு கேட்வே கீழே ‘இக்கடிதம் இரகசியமானது’ என்று நான்கு வரி ஒட்டினால், உள்ளடக்கம் மாறிக் கையொப்பம் உடைந்துவிடும். சாவியின் நீளம் 2048 பிட் இருக்கட்டும். டி.என்.எஸ்.ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் அளவு என்பதால் அது இரண்டு துண்டாக எழுதப்படும். நடுவில் இடைவெளியோ மேற்கோளோ பிசகினால் சாவி செல்லாது. சாவியை மாற்றும்போது புதியதை வேறு செலக்டரில் (சாவியைக் குறிக்கும் பெயரில்) முதலில் வெளியிட்டு, அதன் பிறகே கையொப்பத்தை மாற்ற வேண்டும். பழைய சாவியை உடனே அழிக்கக் கூடாது. க்யூவில் கிடக்கும் கடிதம் 5 நாள் கழித்தும் பழைய கையொப்பத்தோடு போய்ச் சேரலாம். ஒரு வாரமாவது விட்டுவையுங்கள்.

டிமார்க் கேட்பது, வாசகர் காணும் அனுப்புநர் டொமைனோடு எஸ்.பி.எஃப். அல்லது டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது பொருந்த வேண்டும் என்பதை. தொடக்கத்தில் ‘நன்’ (நடவடிக்கை வேண்டாம்) என்று வைத்து, அறிக்கைகளை ஒரு பெட்டிக்கு வரவழையுங்கள். அந்த அறிக்கைகள் உங்கள் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்பும் ஐ.பி.களை எண்ணிக்கையோடு தரும். முதலில் எடுத்த பட்டியலில் விட்டுப்போன இயந்திரங்கள் எல்லாம் அதில் வந்து நிற்கும். அவற்றையும் கேட்வேக்குள் கொண்டுவந்த பிறகுதான் ‘குவாரன்டைன்’ (ஒதுக்கிவை), பிறகு ‘ரிஜெக்ட்’ (மறுத்துவிடு). நேரே ‘ரிஜெக்ட்’டுக்குத் தாவுவது உங்கள் கடிதங்களை நீங்களே குப்பையில் போடுவதற்குச் சமம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். யாஹூவும் அப்போதே மொத்தமாக அனுப்புபவர்களிடம் இதைக் கேட்கத் தொடங்கியது. அவுட்லுக் 2025 மே மாதம் சேர்ந்துகொண்டது. தேர்வு முடிவுகளை ஒரே நாளில் அனுப்பும் பெரிய கல்வி நிறுவனங்கள் இந்த எண்ணிக்கையை எளிதில் தாண்டிவிடலாம்.

மொத்தமாக அனுப்புவதற்கென்று தனி வழி வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறோம். செய்திமடலும் நேர்காணல் அழைப்பும் ஒரே ஐ.பி.யில் போனால், செய்திமடலை எரிச்சலோடு ஸ்பேம் என்று குறிப்பவர்களின் பழி நேர்காணல் அழைப்பின் தலையில் விழும். செய்திமடலுக்கு ஒரு துணை டொமைன், தனி ஐ.பி., அனுப்புநர் விதியால் தனி டிரான்ஸ்போர்ட் என்று பிரித்துவிடுங்கள். அந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு வேகக் கட்டுப்பாடும் தேவை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஒரு டொமைனுக்கு ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை திறக்கும். பெறும் பக்கம் 421 அல்லது 451 என்று முகம் சுளித்தால் அதைக் குறைக்க வேண்டும். கடிதத்துக்குக் கடிதம் 1 விநாடி இடைவெளி என்று வைத்தால் ஒரே இடத்துக்கு 5000 கடிதங்கள் போகக் குறைந்தது 1 மணி 23 நிமிடம் ஆகும். காலக்கெடுவை வைத்துக்கொண்டு அனுப்பும் பிரிவுக்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புதிய ஐ.பி.யில் முதல் நாளே முழு எண்ணிக்கையையும் தள்ளாமல், சில நூறில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

க்யூவின் கால அளவுகளைப் பலர் பார்த்ததே இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிக மறுப்பு வந்த கடிதத்தை 300 விநாடிக்குப் பிறகு மீண்டும் முயலும். இடைவெளி கூடிக்கொண்டே போய் 4000 விநாடியில் நிற்கும். 5 நாள் கழித்துத்தான் கைவிட்டுப் பவுன்ஸ் அனுப்பும். அதற்கு நடுவில் அனுப்பியவருக்கு எந்த எச்சரிக்கையும் போகாது. அந்த எச்சரிக்கைக்கான அமைப்பின் இயல்பு மதிப்பு 0, அதாவது அணைத்துவைத்திருக்கிறது. நாளை காலை நேர்காணலுக்கான அழைப்பு இன்று மாலை க்யூவில் நின்றால், அனுப்பியவருக்கு அது தெரிவது 5 நாள் கழித்து. தாமத எச்சரிக்கையை 4 மணி நேரம் என்று வையுங்கள். இந்தக் கடிதத்தில் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் முறை 451 சொல்லித் திருப்பி, மறுமுறை வந்தால் ஏற்கும் கிரேலிஸ்டிங் முறையைச் சிலர் இன்றும் வைத்திருக்கிறார்கள். உங்கள் வெளிச்செல்லும் ஐ.பி.கள் நான்கைந்து இருந்து, ஒவ்வொரு முயற்சியும் வேறொன்றிலிருந்து போனால், அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நீங்கள் புது ஆள்தான். மறுமுயற்சி அதே ஐ.பி.யிலிருந்து போகும்படி கேட்வேயிலும் ஃபயர்வாலிலும் உறுதிசெய்ய வேண்டும்.

டி.எல்.எஸ். குறித்துச் சுருக்கமாக. பொதுவழிக்கு ‘முடிந்தால் மறைகுறியாக்கு’ என்பது போதும். கட்டாயம் என்று எல்லோருக்கும் வைத்தால், டி.எல்.எஸ். தராத பழைய சர்வர்களுக்கான கடிதங்கள் க்யூவில் தேங்கும். இரகசியம் காக்க வேண்டிய குறிப்பிட்ட டொமைன்களுக்கு மட்டும் கொள்கைப் பட்டியலில் கட்டாயம் என்று எழுதுங்கள். சான்றிதழையும் சரிபார்க்கச் சொன்னால் சான்றளிப்போர் கோப்பு எங்கே என்று கேட்வேக்குக் காட்ட வேண்டும்.

மாற்றம் செய்யும் நாளுக்கு ஒரு நடைமுறை. ஐ.பி. மாறப் போகிறதென்றால் ஒரு நாள் முன்பே டி.என்.எஸ். ரெக்கார்டுகளின் ஆயுளை 300 விநாடியாகக் குறையுங்கள், புதிய ஐ.பி.யை எஸ்.பி.எஃப்.பில் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு வழியை மாற்றுங்கள். பழையதைக் கடைசியில் எடுங்கள். பட்டியலைத் திருத்தியதும் போஸ்ட்மேப் கட்டளையின் கேள்வித் தெரிவைக் கொண்டு, அந்த டொமைனுக்கு என்ன பதில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சென்ட்மெயில் கட்டளையில் ‘பிவி’ தெரிவோடு ஒரு முகவரியைக் கொடுத்தால், கடிதம் அனுப்பாமலே, அனுப்பியிருந்தால் எங்கே போயிருக்கும் என்ற அறிக்கை உங்கள் பெட்டிக்கு வரும். இது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ரீலோட் செய்த பிறகு ஐந்து சோதனைகள் வேண்டும்: வெளியே ஒரு பெட்டிக்கு, விதி எழுதிய டொமைனுக்கு, அதன் துணை டொமைனுக்கு, உங்களுடைய இன்னொரு டொமைனுக்கு, கடைசியாக வெளியே உண்மையில் இல்லாத ஒரு பெட்டிக்கு. ஐந்தாவதற்கு வர வேண்டிய பவுன்ஸ் வருகிறதா என்பதுதான் சோதனை. முன்பே க்யூவில் கிடக்கும் கடிதங்கள் அடுத்த முயற்சியில் புதிய வழியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளடக்க வடிகட்டியின் முகவரியை மாற்றியிருந்தால், பழைய முகவரி அந்தக் கடிதங்களோடே எழுதப்பட்டிருக்கும். போஸ்ட்சூப்பர் கட்டளையால் அவற்றை மறுபடி க்யூவில் இட வேண்டும்.

இணைப்பின் அளவையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கோப்பு மின்னஞ்சலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். ஆகவே 8 எம்.பி. கோப்பு அந்த வரம்பைத் தாண்டிவிடும். கேட்வேயில் வரம்பை உயர்த்திவிட்டு அடுத்துள்ள ரிலேவில் உயர்த்தாதிருந்தால், உள்ளே ஏற்றுக்கொண்ட கடிதம் வெளியே மறுக்கப்படும்.

அலுவலகத் தலைமையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதம் வரவில்லை என்று பொதுமக்களில் ஒருவர் கேட்டால், ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லி அனுப்பாமல், உங்கள் நிர்வாகியிடம் அந்த முகவரிக்கான லாக் வரியைக் கேளுங்கள். அனுப்பிய நேரம், கடிதம் எந்த சர்வரிடம் கொடுக்கப்பட்டது, அந்த சர்வர் 250-க்குப் பக்கத்தில் தந்த க்யூ எண் ஆகிய மூன்றும் பொதுவாக அதில் இருக்கும். அவற்றோடு நேர மண்டலத்தையும் எழுதி, கேட்டவரிடம் கொடுங்கள். அந்த நான்கு விவரத்தை வைத்து, எதிர்ப்பக்க நிர்வாகி ஒரு கடிதத்தைச் சில நிமிடங்களில் தேடிவிடலாம்.

இப்படிக்கு,
மின்னஞ்சல் சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்